மூன்றாவது கோடு

ஜனவரி 27, செவ்வாய்

விண்கலக் குழுவில் வேலை பார்க்கிற பெங்களூர் மாதேஷ் இன்றைக்கும் கூப்பிட்டார். போன வாரமே நான் சரி என்று சொல்லியாயிற்று. சரி என்று சொன்னேனா என்று கேட்பதற்காகவே மறுபடி மறுபடி கூப்பிடுகிறார்.

விஷயம் இதுதான். ஐந்தாறு நாடுகள் சேர்ந்து அனுப்பிய விண்கலம் ஒன்று வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது. போகிற வழியில் நவம்பரில் ஒரு சிறுகோளின் பக்கத்தில் கடக்கப்போகிறது. அதற்குப் பெயர்கூட இல்லை, ஐந்து இலக்க எண் மட்டும். சூரியனைச் சுற்றிவர மூன்றரை வருஷம் எடுக்கிறது என்று தெரியும். எவ்வளவு பெரியது என்று கேட்டால், பத்து கிலோமீட்டர் இருக்கலாம் என்கிறார்கள். எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் அது வெறும் புள்ளி. அந்தப் புள்ளியின் வெளிச்சத்துக்கு, வெளுத்த கல்லாக இருந்தால் சிறியது, கரிக்கட்டை மாதிரி கறுப்பாக இருந்தால் பெரியது. மனிதகுலத்தின் ஞானம் இந்த அளவில்தான் நிற்கிறது.

பிப்ரவரி 14 மாலை ஏழே முக்கால் சுமாருக்கு அது ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும். அந்த நிழல் கடலிலிருந்து ஏறி நம் தூத்துக்குடிக் கரையைத் தாண்டி மேற்கே ஓடும். கரையோரம் வடக்கு தெற்காக, மூன்று கிலோமீட்டருக்கு ஒருவராக, ஐந்து இடத்தில் தொலைநோக்கியோடு உட்கார வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நட்சத்திரம் அணைந்தது என்று பார்த்து, அந்த நேரத்துக்கு ஏற்ற நீளத்தில் இடத்துக்கு ஒரு கோடு போட்டு அடுக்கினால் கல்லின் உருவம் வந்துவிடும். நான் மூன்றாவது கோடு. நடு இடம்.

இதை இவரிடம் சொன்னேன். இவர் பெயர் ராயப்பன். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியும் நோட்டில்கூட அந்தப் பெயரை எழுதக் கை வருவதில்லை. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் என்னை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

“கல்லு நட்சத்திரத்த மறைக்கும். அதப் பாக்க மனுசன் போயி உக்காரணும். அப்படித்தான?”

“ஆமா.”

“எவ்வளவு நேரம் மறைக்கும்?”

“ஒரு செகண்டுகூட இல்ல.”

“அதுக்கு நான் பிளாஸ்க்குல டீ போட்டு எடுத்துட்டு வரணுமாக்கும்?”

வரத்தான் வேண்டும். உப்பளத்தில் டீக்கு நான் எங்கே போவேன்?

சமையலறை ட்யூப்லைட்டை மாற்றச் சொல்ல வேண்டும். அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

முள்ளக்காட்டு உப்பளத்தில் இடம் பார்த்துவிட்டு வந்தோம். மாதேஷ் வரைபடத்தில் குறித்த புள்ளி பாத்திக்குள், முழங்கால் தண்ணீரில் விழுகிறது. போனில் கேட்டால், “முந்நூறு மீட்டர் அப்படி இப்படி போலாம் மேடம்” என்கிறார். அதை முதலிலேயே சொன்னால் வாய் வலிக்குமா?

பக்கத்து வரப்பு அகலமாக இருந்தது. கங்காணி சுடலையாண்டியிடம் மோட்டார் ஷெட்டின் பெரிய லைட்டைக் கொஞ்ச நேரம் அணைக்க முடியுமா என்று கேட்டேன்.

“லைட்ட அணைச்சா உப்ப அள்ளிட்டுப் போயிருவானுவ டீச்சர்.”

“பத்து நிமிசத்துலயா?”

“களவாங்கதுக்கு அவன் என்ன நாளு நட்சத்திரமா பாக்கான்? நீங்கதான் பாக்கிய.”

கடைசியில் ஒத்துக்கொண்டார். திரும்பும்போது வரப்பில் கால் தவறி உப்புத்தண்ணீரில் இறங்கிவிட்டேன். அந்த இடத்தில் வரப்பு ஒழுங்காக இல்லை. இவர் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்து, “நல்லாத்தான இருக்கு வரப்பு” என்றார்.

பிப்ரவரி 13, வெள்ளி

பேட்டரி சார்ஜ் ஏறிவிட்டது. மாவு புளித்துவிட்டது.

பிப்ரவரி 14, சனி

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு எழுதாவிட்டால் நாளைக்கு நானே மாற்றி நினைத்துக்கொள்வேன்.

ஐந்து மணிக்கே போய்ச் சேர்ந்தோம். மேகம் இல்லை. காற்று மட்டும் கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. தொலைநோக்கியை நிறுத்தி, கேமராவை மாட்டி, லேப்டாப்பைத் திறந்து, நட்சத்திரத்தையும் கண்டுபிடித்தாயிற்று. ஏழு இருபதுக்கு லேப்டாப் அணைந்தது. பேட்டரி பெட்டியின் வயர் வரப்பிலிருந்து சரிந்து பாத்தித் தண்ணீரில் கிடக்கிறது. அதை நான் மேலே வைத்த ஞாபகம். இவர், “நீ தண்ணிக்குள்ளதாம்ட்டி வச்ச, தெரிஞ்சுதான் வைக்கன்னு நான் பேசாம இருந்தேன்” என்கிறார். யாராவது தண்ணீருக்குள் வயரை வைப்பார்களா?

அப்புறம் பழைய முறைதான். கேமராவைக் கழற்றிவிட்டுக் கண்ணால் பார்ப்பது. ஒரு போன் விநாடிக்கு ஒரு தடவை பீப் அடிக்கும். இன்னொரு போன் அதையும் என் குரலையும் சேர்த்துப் பதிவு செய்யும். நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் “இருக்கு, இருக்கு” என்று விடாமல் சொல்ல வேண்டும். அணைந்தால் “போச்சு.” வந்தால் “வந்துட்டு.” சந்திரன் நட்சத்திரங்களை மறைப்பதை இப்படி எத்தனையோ தடவை பதிவு செய்திருக்கிறேன்.

லைட் அணைந்தது. வலது கண்ணை வைத்தேன். நட்சத்திரம் பொடிசாக, ஆனால் நிலையாக இருந்தது. இருக்கு. இருக்கு. இருக்கு. முதுகு பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் கட்டியது, சிமிட்டவில்லை. இருக்கு. இருக்கு.

அந்த நேரத்தில், சரியாக அந்த நேரத்தில், பின்னாலிருந்து இவர் குரல்:

“ஏட்டி, பிளாஸ்க்கு மூடிய எங்க வச்ச?”

நான் திரும்பவில்லை. கண்ணை எடுக்கவில்லை. “இருக்கு” என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். ஒன்றரை நிமிஷம் கூடுதலாகவும் சொன்னேன். நட்சத்திரம் ஒரு துளிகூட அசையவில்லை. போகவுமில்லை, வரவுமில்லை.

கண்ணை எடுத்ததும் இவரைப் பார்த்துக் கத்தின கத்தலில் சுடலையாண்டி ஓடிவந்துவிட்டார், உப்பைத்தான் யாரோ அள்ளுகிறார்கள் என்று. டீ ஆறிப்போயிருந்தது. மூடி என் கைப்பையில் இருந்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது மாதேஷ் போன். அவர் உட்கார்ந்தது இரண்டாவது இடம், எனக்கு வடக்கே. அவருக்கு நட்சத்திரம் முக்கால் விநாடி அணைந்திருக்கிறது. நான்காவது இடம் பழையகாயல் பக்கம், எனக்குத் தெற்கே. அங்கே இருந்த இன்ஜினீயரிங் மாணவர்களுக்கும் முக்கால் விநாடி. இரண்டும் கேமராவில் பதிவாகியிருக்கின்றன. இரண்டு கடைசிகளிலும் அணையவில்லை, அது எதிர்பார்த்ததுதான்.

“நடுவுல உங்களுக்குத்தான் மேடம் அதிக நேரம் அணைஞ்சிருக்கும். எவ்வளவு?”

“அணையவே இல்ல.”



“அணையலைன்னா எப்படி மேடம்? உங்களுக்கு வடக்கேயும் நிழல் விழுந்திருக்கு, தெற்கேயும் விழுந்திருக்கு. கல்லுக்கு நடுவுல ஓட்டையா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் பாத்தத சொல்லுதேன்.”

“ஒண்ணு, அங்க ரெண்டு கல் இருக்கணும். இல்ல, நீங்க கண் சிமிட்டியிருக்கணும்.”

“அப்ப ரெண்டு கல்லுன்னு எழுதுங்க.”

சிரித்தார். மரியாதையான சிரிப்புதான். அதுதான் எரிச்சல். கல்லின் ஒளி ஏறி இறங்குவதை இரண்டு வருஷமாக அளந்திருக்கிறார்களாம், இரண்டு கல் என்பதற்கு அடையாளமே இல்லையாம். கேமராப் பதிவு இருந்திருந்தால் கதை வேறாம். முக்கால் விநாடி என்பது ஒரு ஆள் நிதானமாகக் கண் சிமிட்டுகிற நேரம்தானாம்.

ஐம்பத்தாறு வயசாகிறது எனக்கு. எப்போது சிமிட்டினேன், எப்போது சிமிட்டவில்லை என்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

என் குரல் பதிவை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். நிழல் வரவேண்டிய விநாடியில் “பிளாஸ்க்கு மூடிய எங்க வச்ச” என்பதுதான் கணீரென்று கேட்கிறதாம். படகில் முப்பது வருஷம் காற்றோடு மல்லுக்கட்டிப் பேசின குரல், கேட்காமல் என்ன செய்யும்? அதற்கு அடியில் என் “இருக்கு” கேட்கவில்லையாம்.

“உங்க கவனம் ஒரு செகண்ட் அங்க போயிருக்கலாம் மேடம். மனுஷங்களுக்கு வர்றதுதான்.”

போகவில்லை என்றேன். “போகலைன்னு நீங்க நம்பறீங்க” என்றான். இன்றிலிருந்து இந்த நோட்டில் அவனுக்கு மரியாதை கிடையாது.

இவர் காலையிலிருந்து பூனை மாதிரி நடமாடுகிறார். நெற்றியில் சாம்பலோடு வந்து, “ஏட்டி, நான் வேணா அந்தப் பையன்ட்ட பேசட்டா?” என்றார். வேண்டாம், நீங்கள் பேசினவரைக்கும் போதும் என்றேன்.

மார்ச் 4, புதன்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பாடத்தை விட்டுவிட்டுச் சிறுகோள்களைப் பற்றிப் பேசிவிட்டேன். ஆத்திரம், வேறொன்றுமில்லை.

இதுவரைக்கும் விண்கலம் போய்ப் பார்த்த எந்தச் சிறுகோள் நாம் நினைத்த மாதிரி இருந்தது? ஈடாவைக் கடந்துபோய் மாதக்கணக்கில் கழித்துப் படத்தைப் பார்த்தால், பக்கத்தில் ஒரு குட்டி நிலா. அதுவரை அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. மெத்தில்டா ஒரு தடவை தன்னைச் சுற்றிக்கொள்ள பதினேழு நாளுக்கு மேல் எடுக்கிறது, உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம். இடோகாவா ஒரே பாறை இல்லை, சரளைக் குவியல். பென்னுவின் மேல் மணல் பரப்பு இருக்கும் என்று நம்பிப் போனார்கள், இறங்க இடமில்லாமல் பாறாங்கல்லாகக் கிடந்தது. அப்புறம் விண்கலம் தன் இயந்திரக் கையை வைத்தால் பொலபொலவென்று உள்ளே போகிறது. டிங்கினேஷ் ஒற்றைக் கல் என்றுதான் போனார்கள். பக்கத்தில் ஒரு நிலா, அந்த நிலாவே இரண்டு கல் ஒட்டிக்கொண்டது. இவ்வளவுக்கும் பிறகு ஒருத்தன் என்னிடம் இரண்டாக இருக்க முடியாது என்கிறான்.

மூச்சு வாங்க நிறுத்தினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “மேம், இது செமஸ்டருக்கு வருமா?” என்றாள்.

வராது, உட்காரு என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

கல்லூரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். உள்தேர்வுத் தாள்களில் நான் கூட்டின மதிப்பெண் நான்கு தாளில் தப்பாம். 31ஐ 37 என்று எடுத்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் தண்ணீர் மாதிரி மையில் எழுதினால் எப்படித் தெரியும்? முதல்வரிடமும் அதையே சொன்னேன். அவர் ஒரு தாளை விரித்து என் முன்னால் வைத்தார். அவருக்கு முன்னால் வாசிக்க மனம் வரவில்லை, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ட்யூப்லைட் மாற்றிப் பத்து நாளாகிறது. எல்லா லைட்டும் இப்போது மட்டமாகத்தான் வருகிறது.

ஏப்ரல் 9, வியாழன்

இவர் இழுத்துக்கொண்டுபோன இழுப்பில் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். டாக்டரம்மாவுக்கு என் மாணவிகள் வயசுதான் இருக்கும்.

“ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கும்மா. இடதுல நல்லாவே முத்திட்டு. வலதுல ஆரம்பிச்சிருக்கு.”

“வலதுல எப்ப ஆரம்பிச்சிருக்கும்?”

“தேதியெல்லாம் சொல்ல முடியாது. ஒரு வருஷமாவது இருக்கும்.”

ஆபரேஷன் சின்னதுதானாம். நாள் குறித்துத் தரவா என்றார். விடைத்தாள் திருத்தும் பணி இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றேன்.  

ஒரு வருஷமாவது.

மே 6, புதன்

இந்த மனிதரை என்ன செய்வது?

நான் குளித்துக்கொண்டிருக்கும்போது மாதேஷ் கூப்பிட்டிருக்கிறான். இவர் எடுத்திருக்கிறார். எடுத்தவர், அவள் குளிக்கிறாள் என்று வைத்துவிட வேண்டியதுதானே? குசலம் விசாரித்திருக்கிறார். நான் துண்டோடு வெளியே வரும்போது காதில் விழுகிறது:

“அவளுக்குக் கண்ணுல புரை விழுந்துட்டு தம்பி. ஆபரேசன் பண்ணுன்னா கேக்க மாட்டேங்கா. நீங்க சொன்னா கேப்பா, கொஞ்சம் சொல்லுங்க.”

போனைப் பிடுங்கினேன். அந்தப் பக்கம் அவன் குரல் ரொம்ப மென்மையாக இருந்தது. “உடம்பப் பாத்துக்கோங்க மேடம். அந்த ரிப்போர்ட் விஷயத்த விடுங்க. அதுல ஒண்ணும் இல்ல” என்றான். அவன் வாதாடினபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

இவரிடம் கேட்டேன். “எதுக்குச் சொன்னிய? யாரு கேட்டா?”

“ஒனக்கு நல்லதுக்குத்தாம்ட்டி சொன்னேன்.”

“நான் பாத்தது பொய்யின்னு ஆயிட்டே. தெரியுதா? கண்ணு தெரியாதவ சொன்ன சாட்சின்னு ஆயிட்டே!”

“அத நான் நெனக்கல.”

நினைக்கவில்லை. இவர் எப்போதும் நினைப்பதில்லை. இன்று இவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டுவிட்டு எனக்கும் ஒரு தட்டில் மூடி வைத்திருக்கிறார். அதைப் பார்த்தால் இன்னும் கோபமாக வருகிறது.

மே 16, சனி

வீட்டு மாடியில் தொலைநோக்கியை நிறுத்திப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மங்கலான நட்சத்திரத்துக்குத் திருப்பினேன். வலது கண். ஒரு சமயம் தெரிகிறது, ஒரு சமயம் தெரியவில்லை. “இருக்கு” என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே நிச்சயமாக இல்லை. பிப்ரவரியில் இதே கண்தான். அன்றைக்கு நட்சத்திரம் நிலையாக இருந்தது என்று நினைக்கிறேனே, அது நான் பார்த்ததா, வாய் சொன்ன பழக்கமா?

இறங்கி வந்து மாதேஷுக்கு ஒரு வரி அனுப்பினேன். மூன்றாவது இடத்தின் பதிவை எடுத்துவிடுங்கள், பார்த்தவருக்கே நிச்சயமில்லை. உடனே பதில் வந்தது. “நன்றி மேடம், பெரிய மனசு.” ஒரு சிரிப்பு பொம்மையும்.

பெரிய மனசெல்லாம் இல்லை. களைத்துப்போய்விட்டேன். என்னிடம் இருந்தது ஒரு சொல். அதையும் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, புதன்

பனிமய மாதா திருவிழா. ஒவ்வொரு பல்புக்கும் ஒரு வளையம். சப்பரம் வரும்போது எல்லோரும் கையெடுத்தார்கள், நானும் எடுத்தேன். மாதா முகம் தெரியவில்லை. இவரிடம் சொல்லவில்லை, ஆனால் கூட்டத்தில் இவர் என் முழங்கையை விடவே இல்லை.

அக்டோபர் 13, செவ்வாய்

மாதேஷிடமிருந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு மின்னஞ்சல். எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தேன். விண்கலம் நவம்பர் 17 அன்று கடக்கிறது. தூரத்திலிருந்து வருகிறபோது எடுக்கும் படங்களில் கல் சின்னதாகத்தான் தெரியும். மிக அருகில் போகும் அந்தச் சில நிமிஷங்களுக்கு நுட்பமான கேமரா, மிகக் குறுகின பார்வை. அது கல்லின் ஒளிக்கு நடுப்புள்ளி எதுவோ அங்கே குறி வைக்கும். இத்தனை வருஷமாக எல்லோரும் காத்திருக்கிற படம் அதுதான்.

நடுப்புள்ளி. உடனே அவனைக் கூப்பிட்டேன்.

“நடுவுல மட்டும் குறி வைக்காதீங்க. ரெண்டு பக்கமும் தள்ளி ஒவ்வொரு படமாவது எடுக்கச் சொல்லுங்க.”

“எதுக்கு மேடம்?”

“ரெண்டு கல்லா இருந்தா நடுவுல என்ன இருக்கும்?”

“மேடம்.” பொறுமையாகச் சொன்னான். “உங்க பதிவு ஒண்ணுதான் அப்படிச் சொல்லுச்சு. அத நீங்களே எடுத்துடச் சொல்லிட்டீங்க. அது இருந்திருந்தாக்கூட கூட்டத்துல ஒரு வார்த்தை பேசிப் பாத்திருப்பேன். இப்ப எதக் காட்டிப் பேசறது? கட்டளையெல்லாம் அனுப்பியாச்சு.”

போனை வைத்துவிட்டேன். கோபப்பட ஆள் தேடினேன். சமையலறையில் இவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். இவர் மேலும் வரவில்லை. நான் அனுப்பின வரி, நான்தான் அனுப்பினேன்.

அக்டோபர் 30, வெள்ளி

மழை. ஆஸ்பத்திரியிலிருந்து போன், நாள் குறிக்கவா என்று. நவம்பர் போகட்டும் என்றேன்.

“ஒவ்வொரு மாசமா போயிட்டுத்தான் இருக்கு” என்றார் இவர். “ஒனக்குக் கத்திப் பயம் இல்லட்டி. நல்லாத் தெரிய ஆரம்பிச்சா, அன்னைக்கு எவ்வளவு தெரியாம இருந்துதுன்னு தெரிஞ்சிரும். அதுக்குத்தான பயப்படுத?”

இழுவைப் படகு ஓட்டினவருக்கு இவ்வளவு பேச்சு எதற்கு? போய்க் கொடியில் கிடக்கிற துணியை எடுங்கள் என்றேன்.

நவம்பர் 18, புதன்

காலை பத்து மணிக்குப் படங்களை வெளியிட்டார்கள். கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். ஏதோ சாம்பலாக, ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. முகத்தைத் திரையில் ஒட்டிப் பார்த்தேன். இன்னும் மோசம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

அதற்குமேல் வீம்பு பிடிக்க முடியவில்லை. கூப்பிட்டேன்.

“ஏங்க, இங்க வாங்க. இதுல என்ன இருக்கு, சொல்லுங்க.”

ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தூரத்துப் படங்களில் ஒரு மங்கலான கட்டி, ஓரம் சரியாகத் தெரியவில்லை என்றார். “கடைசிப் படத்துக்குப் போங்க. பக்கத்துல போயி எடுத்தது.”

“வந்துட்டு.” குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “இது என்னட்டி, படம் சரியா விழலியோ?”

“இருக்கத சொல்லுங்க. இடது ஓரத்துல?”

“இடது ஓரத்துல... கல்லு மாதிரி. வளைஞ்சு போகுது. குழி குழியா. ஆமா, கல்லுதான். இருக்கு.”

“வலது ஓரத்துல?”

“அங்கயும் ஒண்ணு இருக்கு. இந்த மாதிரியேதான். இருக்கு.”

“நடுவுல?”

இவர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். கடலில் இருட்டில் எந்தக் கப்பலின் எந்த விளக்கு என்று ஒரே பார்வையில் சொல்கிறவர். அந்தப் படத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் விரலை வைத்து நகர்த்திப் பார்த்தார்.

“நடுவுல ஒண்ணுமில்ல ஜெசிந்தா” என்றார். “சுத்தமா ஒண்ணுமில்ல. கருப்பு.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். மேசையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதேன். சந்தோஷமெல்லாம் இல்லை. இத்தனை நாடுகள் கூடி இத்தனை வருஷம் பறக்கவிட்டு எடுத்த அருமையான படம் அது, அதன் நடுவில் இருந்தது நான் முள்ளக்காட்டு வரப்பில் உட்கார்ந்து பார்த்த அதே ஒன்றுமில்லை. நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று நானே எழுதிக் கொடுத்தேன். அந்தக் கோபம் யார் மேலும் இறக்கிவைக்க முடியாத கோபம்.

இவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அன்னைக்கு நான் அந்த மூடியக் கேட்டிருக்கக் கூடாது” என்றார்.

நவம்பர் 20, வெள்ளி

மாதேஷ் கூப்பிட்டார். மரியாதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், குரலில் அவ்வளவு களைப்பு இருந்தது. இரண்டு கல்லும் கிட்டத்தட்ட ஒரே அளவாம், ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர். ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே சேர்ந்து சூரியனையும் சுற்றுகின்றன. இடைவெளி ஒன்றரை கிலோமீட்டர் இருக்கலாமாம். அருகில் எடுத்த படங்களில் முக்கால்வாசி அந்த இடைவெளிதான்.

“மேடம், மன்னிச்சிடுங்க.”

“எடுக்கச் சொன்னது நான்தான.”

“எடுக்கச் சொல்ற நிலைமைக்கு உங்களக் கொண்டுவந்தது நாங்க.” தயங்கினார். “ஒண்ணு கேக்கணும். அது ரெண்டும் ஒண்ண ஒண்ணு எவ்வளவு நேரத்துல சுத்துதுன்னு சரியாக் கணக்குப் போட, முன்னால ஒரு நாள் எப்படி நின்னுச்சுன்னு தெரியணும். பிப்ரவரி பதினாலு அன்னைக்கு நடுவுல வெளிச்சம் வந்துச்சுன்னு சொல்ல உலகத்துலயே உங்க கோடு ஒண்ணுதான் இருக்கு. திரும்பக் கொடுப்பீங்களா?”

“ஏன், நீங்களே சேத்துக்கிட வேண்டியதுதான?”

“எடுத்துக்கிட்டவங்கதான் திருப்பிக் கொடுக்க முடியும் மேடம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவெல்லாம் இல்லை, கொஞ்சம் காக்கவைக்க ஆசையாக இருந்தது. மதியத்துக்கு மேல் அனுப்பினேன். பெரிய எழுத்தில் நானே தட்டினேன், இவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்த்தார்.

இடம்: முள்ளக்காடு உப்பள வரப்பு. பார்த்தவர்: ஜெசிந்தா ராயப்பன். கருவி: வலது கண், புரை ஆரம்பித்தது. நட்சத்திரம் மறையவில்லை. நிச்சயம்.

“கருவின்னு போட்டு கண்ண எழுதுத. புரையையும் எழுதணுமா?” என்றார் இவர்.

“எழுதணும். இருந்துது, எழுதுதேன்.”

ஆஸ்பத்திரிக்கு வருகிற வியாழக்கிழமை வருகிறோம் என்று சொல்லியாயிற்று. முதலில் இடது கண். பிளாஸ்க்கில் டீ இவர் போடுவார். மூடியை நான் பார்த்துக்கொள்கிறேன்.